புகார் மனுவில் எழுத வேண்டிய வார்த்தை

வாசகர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

சென்ற இதழில் வெளியான அறிவிப்பைப் பார்த்து நீங்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வேதனையைச் சுற்றியே இருந்தன. சாதியைச் சொல்லியோ, மதத்தைச் சொல்லியோ, தோலின் நிறத்தைச் சொல்லியோ ஒருவரை இழிவுபடுத்தும்போது அதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்ன பிறகு நம்மோடு யார் நிற்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பல ஆண்டுகளாக வழக்கு நடத்தி வருகிறவள் என்பதால், சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, காவல் நிலையத்தின் மேசைக்கு முன்னால் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பாதுகாப்பைக் கருதிப் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் அப்பாவை (வயது 58), ஊர்த்தெருவைச் சேர்ந்த இருவர் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, சட்டையைப் பிடித்து எழுப்பி அடித்தார்கள். நாங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். "ஒரே ஊர்க்காரர்கள், பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் ரைட்டர். அடுத்து நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
(வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்குச் சட்டத்தில் உள்ள பெயர் வன்கொடுமை. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமை தடுப்பு) சட்டம் இதற்காகவே இயற்றப்பட்டது. நம் ஊர்களில் இதைப் 'பி.சி.ஆர். கேஸ்' என்றே இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெயர் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உரியது. பேச்சில் எப்படிச் சொன்னாலும், மனுவில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையே எழுதுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் சி.எஸ்.ஆர். ரசீது, மனு கொடுத்தீர்கள் என்பதற்கு மட்டுமே சான்று. முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவானால்தான் வழக்கு என்று ஒன்று பிறக்கிறது. பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் காவல் நிலையம் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. "விசாரித்துவிட்டுப் பிறகு பதிவு செய்கிறோம்" என்று உங்களிடம் சொன்னால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவைச் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் வந்த ஒரு தீர்ப்பு, இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றும், கைது செய்ய மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றும் சொன்னபோது, நாடெங்கும் தலித் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அதன் பிறகு அதே ஆண்டு நாடாளுமன்றம் சேர்த்ததே 18ஏ பிரிவு. முதற்கட்ட விசாரணையும் தேவையில்லை, கைதுக்கு முன் அனுமதியும் தேவையில்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.

இனி மனுவுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் வழக்குகள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் தோற்பதில்லை, மனுவிலேயே தோற்றுவிடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தன் மனுவின் நகலோடு என்னிடம் வந்தார். 'என்னைச் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்' என்று அதில் இருந்தது. என்ன வார்த்தை சொன்னார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து என் பேனாவைக் கேட்டு வாங்கி, வாயால் சொல்ல முடியாத அந்தச் சொல்லை நகலின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். அதை மனுவின் உள்ளே கொண்டுவந்து புதிதாக எழுதிக் கொடுத்த பிறகே அந்த வழக்கு நகர்ந்தது. சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. எந்தப் பெயர் என்று மனுவில் இல்லையென்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். கூச்சமாக இருந்தாலும், கை நடுங்கினாலும், அவர்கள் சொன்ன சொல்லை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். தேதி, நேரம், எந்தக் கடை, அப்போது பெஞ்சில் வேறு யார் இருந்தார்கள், கடைக்காரர் எங்கே நின்றார், அடித்தவர்களின் பெயர், அவர்கள் எந்தச் சாதி, நீங்கள் எந்தச் சாதி என்பவை எல்லாம் இருக்க வேண்டும். அப்பா வாயால் சொல்லிக் காவலர் எழுதினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியது காவல்துறையின் கடமை என்று சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. அவர் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே கையெழுத்துப் போடட்டும்.

அப்பா இதுவரை மருத்துவமனைக்குப் போகவில்லை என்றால் இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வலி குறைந்துவிட்டது என்று தட்டிக் கழிக்க விடாதீர்கள். "கீழே விழுந்துவிட்டேன்" என்று பயத்தில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்லாமல் எங்கே, எப்போது, எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, கையாலா கட்டையாலா என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். அது விபத்துப் பதிவேட்டில் ஏறும், ஏ.ஆர். காப்பி என்று கேட்டு அதன் நகலைப் பெறலாம். காவல் நிலையத்தில் எழுதியது மாறினாலும் மருத்துவமனையில் எழுதியது மாறாது.

நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும், வன்கொடுமைத் தடுப்பு விதிகளும் அந்த வழியைத் தருகின்றன. ஒரு நகலை மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கொடுங்கள். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவர் அவரே. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தக் குழு கூடி, மாவட்டத்தில் உள்ள வன்கொடுமை வழக்குகளைப் பரிசீலிக்க வேண்டும். காவல்துறைக்குள்ளேயே சமூகநீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு இருக்கிறது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் 2021 முதல் இயங்குகிறது. வன்கொடுமைகளுக்கென்றே 14566 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. இவை எதுவும் அசையவில்லை என்றால் சிறப்பு நீதிமன்றத்தையே நேரடியாக அணுகலாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு, துறை விசாரணையின் பரிந்துரையின் பேரில், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் 4ஆம் பிரிவில் வழி உண்டு. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மனுவின் கடைசி வரியில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டிருந்தால் ரைட்டரின் குரல் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் உள்ள பிரிவுகளைப் பாருங்கள். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். ஆபாசமாகத் திட்டுதல், காயம் உண்டாக்குதல், மிரட்டுதல் என்று வழக்கமாகப் போடும், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351(2) ஆகிய பிரிவுகளை மட்டும் போட்டுவிட்டு வன்கொடுமைச் சட்டத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்தச் சட்டம் சேர்ந்தால்தான் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிப்பார், 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும், முன்ஜாமீனுக்குத் தடை இருக்கும். விட்டுப்போயிருந்தால் பிரிவை மாற்றித் தரும்படி அன்றே எழுதிக் கொடுங்கள். அடித்தவர்கள் தரப்பிலிருந்து உங்கள்மீதும் ஒரு எதிர்ப்புகார் வரக்கூடும். மனம் உடைய வேண்டாம், உங்களைச் சமாதானத்துக்கு இழுக்கும் பழைய உத்தி அது.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து என் கணவரைச் சாதியைச் சொல்லித் திட்டினார். பிறகு தெரு வாட்ஸ்அப் குழுவிலும் அதே வார்த்தையைக் குரல் பதிவாகப் போட்டார். வீட்டுக்குள் நடந்தது குற்றமாகாது என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பாதி உண்மை. திட்டுவதையும் இழிவுபடுத்துவதையும் குற்றமாக்கும் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய இரு பிரிவுகளிலும் 'பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடம்' என்ற சொற்கள் உள்ளன. நான்கு சுவர்களுக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது சொல்லப்பட்டது இந்தப் பிரிவுகளுக்குள் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும், அரசு அலுவலக அறைக்குள் ஓர் ஊழியரைத் திட்டியபோது பொதுமக்கள் யாரும் அங்கே இல்லை என்ற காரணத்தால் 2025 ஜனவரியில் அதே நிலைப்பாட்டை எடுத்தது. இந்தத் தீர்ப்புகள் எனக்கு வருத்தம் தருகின்றன. அவமானம் சுவருக்கு உள்ளே பட்டாலும் வெளியே பட்டாலும் ஒன்றுதானே. ஆனால் சட்டம் இன்று அங்கேதான் நிற்கிறது, அதற்கேற்பவே நாம் மனு எழுத வேண்டும்.

எனவே அந்த நேரத்தில் வாசல் திறந்திருந்ததா, தெருவில் நின்றவர்களுக்குக் கேட்டதா, உறவினர் அல்லாத யாராவது உள்ளே இருந்தார்களா என்பதை யோசித்து, உண்மையாக இருந்தால் மட்டும் பெயரோடு எழுதுங்கள். இல்லாத சாட்சியைச் சேர்த்தால் உள்ள வழக்கும் போய்விடும். பொதுப்பார்வை இல்லையென்றாலும் மிரட்டல், அத்துமீறி நுழைதல், அடிதடி ஆகியவற்றுக்கு மற்றச் சட்டப் பிரிவுகள் இருக்கவே செய்கின்றன.

வாட்ஸ்அப் பதிவு உங்கள் பக்கத்துக்குப் பலமானது. இணையத்தில் இடப்படும் சாதி இழிவும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கிறது. அந்தக் குரல் பதிவை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், குழுவிலிருந்தும் வெளியேறிவிடாதீர்கள். யார் எண்ணிலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தது என்பது தெரியும்படி திரையைப் படமெடுத்து, பதிவு வந்த கைப்பேசியையும் அப்படியே வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் தயார் செய்து தருவார்.

கேள்வி: வழக்குப் பதிவான பிறகு தீருதவித் தொகை கிடைக்கும் என்கிறார்கள். அதை வாங்கினால் "பணத்துக்காகக் கேஸ் போட்டார்கள்" என்று ஊர் பேசும் என்று என் அண்ணன் வேண்டாம் என்கிறார். வழக்குச் செலவுக்கும் வழியில்லை.
(வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: உங்கள் அண்ணனின் ரோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் தொகை அல்ல இது. தன் குடிமக்களில் ஒருவரைத் தீண்டாமையிலிருந்து காக்கத் தவறிய அரசு, விதிகளின்படி கொடுக்கக் கடமைப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள் 2016இல் திருத்தப்பட்டபோது, குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை என்று மத்திய அரசு நிர்ணயித்தது. தமிழ்நாடு அரசு பின்னர் அதை 1,00,000 முதல் 12,00,000 ரூபாய் வரை உயர்த்தியது. தொகை ஒரே தவணையில் வராது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிய வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர். பதிவானதும் கால் பங்கு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் பாதி, தண்டனை விதிக்கப்பட்டதும் மீதிக் கால் பங்கு என்று கணக்கு. முதல் உதவி ஏழு நாட்களுக்குள் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் கோப்பு எங்கேயாவது நின்றுவிடும், எஃப்.ஐ.ஆர். நகல், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றோடு மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

செலவைப் பற்றிய கவலை வேண்டாம். அரசுத் தரப்பில் சிறப்பு அரசு வழக்கறிஞர் நடத்துவார். உங்களுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும் என்றால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சாட்சி சொல்ல நீதிமன்றம் போய்வரும் நாட்களுக்குப் பயணப்படியும், இழந்த கூலிக்கு ஈடாகப் படியும் கேட்டுப் பெறலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவை உங்கள் அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால் உங்களுக்கு முன்கூட்டியே தகவல் வர வேண்டும், உங்கள் எதிர்ப்பை நீதிபதி கேட்க வேண்டும். தொண்டு நிறுவனத்தையோ, சமூக சேவகரையோ, வழக்கறிஞரையோ துணைக்கு வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. தகவலே சொல்லாமல் வழங்கப்பட்ட ஜாமீனை 2021இல் ஒரு ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கேள்வி: நாங்கள் பறையர் சமூகத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள். கல்லறைத் தோட்டத்தில் இன்றும் எங்களுக்குத் தனிச் சுவர். எதிர்த்துக் கேட்ட என் தம்பியை அடித்தார்கள். எங்களுக்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்கிறார்களே?
(வாசகி, திருச்சிராப்பள்ளி மாவட்டம்)

பதில்: கனத்த மனத்தோடு சொல்கிறேன், இன்றைய நிலையில் அவர்கள் சொல்வது சரி. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆனார்கள். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் சேர்க்கப்படவில்லை. மதம் மாறியதோடு சாதி போய்விடுகிறது என்பது அந்த ஆணையின் கணக்கு. உங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவர் அந்தக் கணக்கு பொய் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. பழங்குடியினருக்கு இந்த மதத் தடை இல்லை என்பதையும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அதற்காக உங்கள் தம்பி புகார் கொடுக்காமல் இருக்கக் கூடாது. அடித்தது, வழிமறித்தது, மிரட்டியது ஆகிய எல்லாவற்றுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவுகள் உள்ளன. சாதியின் பெயரால் பிரிவினருக்கிடையே பகையை வளர்த்தார்கள் என்றால் 196ஆம் பிரிவு உண்டு. அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பு தீண்டாமையை எந்த வடிவத்தில் கடைப்பிடிப்பதையும் தடை செய்கிறது, அதில் மதம் குறிப்பிடப்படவில்லை. தாக்குதலுக்குக் காரணம் அந்தச் சுவரை எதிர்த்துக் கேட்டதுதான் என்பதை மனுவில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுதப்படாத புகார் வெறும் அடிதடி வழக்காகச் சுருங்கிவிடும்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கையில் நிறக் கயிறு கட்டிய மாணவர்கள் சிலர் அவனைச் சாதியைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தங்கள் புத்தகப் பையைச் சுமக்க வைக்கிறார்கள். இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறான். காலையில் வயிற்றுவலி என்கிறான். போலீசுக்குப் போனால் அவனுக்கு இன்னும் ஆபத்தாகுமோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் மகனின் வயிற்றுவலி பொய்யில்லை. பள்ளி நாட்களின் காலையில் வந்து, விடுமுறை நாளில் வராத வலியை இப்படிப்பட்ட பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். ஒரு முறை என் அலுவலகத்துக்குத் தந்தையோடு வந்த பையன், நாங்கள் பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் தன் நோட்டுப் புத்தகத்தின் அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். அவன் பெயருக்குக் கீழே யாரோ சாதிப் பெயரை எழுதியிருந்தார்கள். அதைச் சுரண்டிச் சுரண்டி அட்டையில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த நோட்டே பிறகு சான்றாயிற்று. உங்கள் மகனின் நோட்டு, பை, சட்டை எதிலாவது எழுதியிருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.

முதலில் அவனிடம், நடந்தது அவன் தவறில்லை என்பதை ஒரு முறை அல்ல, பல முறை சொல்லுங்கள். அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, தேதியோடு நீங்களே எழுதி வையுங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசகரோடு தமிழிலேயே பேசலாம். அரசு மாவட்ட மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இருப்பார். சட்டத்தின் வேலை மெதுவாக நடக்கும், பிள்ளைக்கு இந்த உதவி இந்த வாரமே தேவை.

அடுத்ததாகத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் "பார்த்துக்கொள்கிறோம்" என்பதோடு நின்றுவிடும். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, இன்னொரு நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களிலும் புகாரைப் பதியலாம். கயிற்றைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது.

போலீசைப் பொறுத்தவரை, அடியோ மிரட்டலோ இருந்தால் தயங்காதீர்கள். அந்த மாணவர்களும் சிறார்கள்தாம். அவர்களைச் சிறார் நீதிக் குழுமம் விசாரிக்கும், சிறையில் அடைக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளையும் திருத்தி எடுக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். அதற்கான விலையை உங்கள் மகன் பள்ளியை விட்டு நின்று கொடுக்கக் கூடாது.

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். பேருந்தில் ஒருவர் என் அம்மாவின் புடவையைப் பார்த்து "உன் நாட்டுக்குப் போ" என்று கத்தி, தோளைப் பிடித்துத் தள்ளினார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பெரிய காயம் இல்லாததால் புகார் எடுப்பார்களா?
(வாசகர், லண்டன்)

பதில்: எடுப்பார்கள், எடுக்க வேண்டும். காயம் எவ்வளவு என்பதைவிட, இனத்தின் மீதான பகையால் நடந்தது என்பதே அங்கே முக்கியம். 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்து நிறுத்தத்தில் கொல்லப்பட்டதும், அந்த வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தைக் கடுமையாக விமர்சித்து 1999இல் மெக்ஃபெர்சன் அறிக்கை வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாதிக்கப்பட்டவரோ பார்த்த வேறு ஒருவரோ இனவெறிச் செயல் என்று கருதினால் காவல்துறை அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்ற நெறி அந்த அறிக்கையிலிருந்து வந்தது. நம் நாட்டில் பொதுப்பார்வை இருந்ததா என்று நிரூபித்துக்கொண்டிருக்கும் எனக்கு, அந்த முதல் படியில் பாதிக்கப்பட்டவரின் சொல்லை நம்பும் வழக்கம் பொறாமையாகவே இருக்கிறது.

ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது 999, மற்ற நேரத்தில் 101. காவல் நிலையம் போகத் தயக்கமாக இருந்தால், வெறுப்புக் குற்றங்களைப் பதிவதற்கான ட்ரூ விஷன் இணையதளத்தில் பதியலாம், அம்மாவுக்காக நீங்களே பதியலாம். பேருந்து எண், ஏறிய இடம், நேரம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். "இது வெறுப்புக் குற்றம்" என்று வெளிப்படையாகச் சொல்லி, குற்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அங்குள்ள பாதிக்கப்பட்டோர் நெறிமுறையின் முதல் உரிமையே, மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், தான் சொல்வதை மற்றவருக்குப் புரியவைக்கவும் உதவி பெறுவது. எனவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்; பிள்ளைகள் முன் சொல்லக் கூசும் சொற்களை அம்மா அவர் மூலம் சொல்வது எளிது. விக்டிம் சப்போர்ட் என்ற தொண்டு நிறுவனத்தின் 08 08 16 89 111 என்ற எண்ணில், போலீசில் புகார் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் உதவி கிடைக்கும். அம்மா இனிப் பேருந்தில் தனியாகப் போக அஞ்சினால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு தலித் இளைஞரைப் புல்லட் ஓட்டியதற்காக அடித்ததைக் கண்ணால் பார்த்தேன். அடித்தவர்கள் என் சாதிக்காரர்கள், தூரத்து உறவும்கூட. அந்த இளைஞர் இன்னும் புகார் கொடுக்கவில்லை. நான் என்ன செய்யலாம்?
(வாசகர், மதுரை மாவட்டம்)

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைப் போன்ற ஒருவர் வாய் திறந்தால் ஒரு வழக்கு எப்படி மாறும் என்பதை நீதிமன்றத்தில் பார்த்தவள் நான். அடிபட்டவரின் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சொல்லும் சாட்சியை "உறவினர்" என்று தள்ளிவிட முயல்வார்கள். அடித்தவரின் உறவினர் ஒருவர் சொல்வதை அப்படித் தள்ள முடியாது.

குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுக்கப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை, நேரில் பார்த்த யாரும் கொடுக்கலாம். ஆனாலும் முதலில் அந்த இளைஞரைப் போய்ப் பாருங்கள். அவர் வீட்டுக்கு, அவருக்கு வசதியான நேரத்தில் போய், என்ன பார்த்தீர்கள் என்பதையும், சாட்சி சொல்லத் தயார் என்பதையும் சொல்லுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். அவர் குடும்பம்தான் அந்த ஊரில் நாளையும் வாழ வேண்டும். யாரும் வர மாட்டார்கள் என்ற நினைப்பாலேயே அவர் புகார் கொடுக்காமல் இருக்கக்கூடும்.

உங்களுக்கு மிரட்டல் வந்தால், 15ஏ பிரிவின் பாதுகாப்பு சாட்சிகளுக்கும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடமும் விண்ணப்பிக்கலாம். ஊர் நெருக்குதலில் உங்கள் மனம் மாறிவிடுமோ என்ற அச்சம் உங்களுக்கே இருந்தால், நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் பதிய ஏற்பாடு செய்யும்படி விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள்.

பார்த்ததை இன்றிரவே எழுதி வையுங்கள். கடைத்தெரு என்கிறீர்கள்; அங்கே ஏதாவது ஒரு கடையில் கேமரா இருக்கும். அந்தப் பதிவு பல இடங்களில் சில நாட்களிலேயே தானாக அழிந்து, அதன் மேல் புதிய பதிவு ஏறிவிடுகிறது. புகார் கொடுக்கும் நாளிலேயே எந்தக் கடை, கேமரா எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு, அதைக் கைப்பற்றும்படி மனுவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.